ஹீரோவுக்கு வலிக்க வேண்டும்!

கேள்வி: ஆக்‌ஷன் த்ரில்லர் என்று போய் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரமும் வெட்டு, குத்து, துப்பாக்கிச் சத்தம். தலைவலிதான் மிச்சம். ஆனால் சில படங்கள் முடிந்த பிறகும் படபடப்பு அடங்குவதில்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

பதில்: வலியில். ஹீரோ வாங்கிய அடி அடுத்த காட்சியிலும் அவன் உடம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். தோளில் கத்திக்குத்து வாங்கியவன், அடுத்த காட்சியிலேயே அதே கையால் பைக்கை முறுக்கிக்கொண்டு பறந்தால் என் மனசு அங்கேயே படத்தை விட்டு எழுந்துவிடும். இனி இவனுக்கு எதுவும் ஆகாது என்று தெரிந்துவிட்டது. பிறகு நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

1988-ல் வந்த 'டை ஹார்ட்' படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதற்காகத்தான். ஹீரோ காலில் செருப்புகூட இல்லாமல் மாட்டிக்கொள்கிறான். அதைக் கவனித்துவிட்ட வில்லன், அறையில் இருக்கும் கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். ஹீரோ அந்தச் சில்லுகள் மேலேயே ஓடித் தப்பிக்கிறான். அதோடு விடவில்லை. குளியலறையில் உட்கார்ந்து, வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டே பாதத்திலிருந்து சில்லுகளைப் பிடுங்குகிறான். குரல் உடைகிறது. அதற்குப் பிறகு அவன் வைக்கும் ஒவ்வோர் அடியிலும் நம் பாதம் கூசுகிறது. அந்த ஒரு காட்சி, பத்து வெடிகுண்டுக்குச் சமம்.

2003-ல் வந்த கொரியப் படம் 'ஓல்டுபாய்'. நீண்ட நடைபாதை, கையில் சுத்தியலோடு ஒருவன், எதிரே ஒரு கும்பல். கேமரா பக்கவாட்டில் நகர்ந்தபடி, ஒரு 'கட்'டுகூட இல்லாமல், ஒரே ஷாட்டாகப் பார்க்கிறது. முதுகில் கத்தி குத்தி நிற்க, அவன் மூச்சு வாங்குகிறான், தள்ளாடுகிறான், மறுபடி எழுகிறான். அடிப்பவர்களும் களைத்துப் போகிறார்கள். சண்டையில் களைப்பைக் காட்டத் துணிந்த இயக்குநர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: இப்போதெல்லாம் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே புரிவதில்லை. என் கண்ணில்தான் கோளாறா?

பதில்: உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. எடிட்டிங் மேசையில் உதவியாளனாக இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். சண்டைக் காட்சியின் ரஷ், அதாவது எடிட் செய்யாத பதிவு, வந்ததும் நாங்கள் முதலில் தேடுவது முழு இடத்தையும் காட்டும் வைட் ஷாட்டைத்தான். கதவு எங்கே, படிக்கட்டு எங்கே, ஆயுதம் எந்த மேசையில் இருக்கிறது என்று ஒரு தடவை காட்டிவிட்டால் போதும், பிறகு எவ்வளவு வேகமாக வெட்டினாலும் பார்ப்பவர் தொலைந்து போக மாட்டார். அது இல்லாதபோதுதான் வம்பு.

இன்னொன்று, குத்து வந்து சேரும் முன்பே எதிராளியின் தலை திரும்பியிருக்கும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். அதில் இரண்டு மூன்று ஃபிரேம் முந்தினாலே எங்கோ இடிக்கிறது என்று கண் சொல்லிவிடும். அதை மறைக்க நடுவில் ஒரு கட், அந்தக் கட்டை மறைக்கக் கேமராவில் ஓர் ஆட்டம். நன்றாக ஒத்திகை பார்த்த நடிகரும் ஸ்டன்ட் கலைஞரும் இருந்தால் இந்த ஒட்டு வேலையே தேவைப்படாது. ஒத்திகைக்கு நாள் ஒதுக்கிய படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

கேள்வி: அதிரடியான ஆர்.ஆர். (பின்னணி இசை) இல்லாமல் சண்டை எடுபடுமா?

பதில்: தாராளமாக. 1995-ல் வந்த 'ஹீட்' படத்தின் தெருச் சண்டையைக் கேளுங்கள். ஆமாம், கேளுங்கள். இசை இல்லை. படப்பிடிப்பில் பதிவான துப்பாக்கிச் சத்தத்தையே பயன்படுத்தினார்கள். உயரமான கட்டடங்களில் மோதித் திரும்பும் அந்த எதிரொலியை எந்த ஸ்டுடியோ சத்தமும் எட்டாது. குண்டு தீர்கிறது, துப்பாக்கியின் தோட்டா மேகஸினை மாற்றுகிறார்கள். அந்த இடைவெளியில் நமக்கும் மூச்சு நிற்கிறது.

கேள்வி: ரத்தம் தெறித்தால்தான் 'ரா'வான, பூச்சு இல்லாத படமா?

பதில்: இல்லவே இல்லை. இரண்டாவது பீப்பாய் ரத்தம் வரும்போதே கண் பழகிவிடும். ரத்தத்துக்குச் செலவழிப்பதை வில்லனின் மூளைக்குச் செலவழிக்கலாம். ஹீரோ அடுத்து எங்கே போவான் என்று யோசித்து, அவனுக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்கிற வில்லன் ஒருவன் கிடைத்தால், ஒரு துளி ரத்தம் இல்லாமலே நான் சீட் நுனிக்கு வந்துவிடுவேன்.