பிரான்சின் ஆன்சி ஏரி உண்மையிலேயே அவ்வளவு சுத்தமா? ஒரு நாள் போதுமா?

சுத்தம்தான். அம்மாவும் நானும் ஒரு செப்டம்பரில் போய் இரண்டு நாள் தங்கினோம். ஜெனீவாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு நேரே அல்பின்யி கரைக்கு நடந்தோம். அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினார். முழங்கால் ஆழத்திலும் கூழாங்கற்களின் நிறம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. விரல்நீள மீன்குஞ்சுகள் அவர் கணுக்காலைச் சுற்றி வந்தன. காலால் இரண்டு முறை துழாவிப் பார்த்துவிட்டு, "கலங்கவே மாட்டேன் என்கிறதே" என்றார்.

மலைமேல் இருப்பதால் இயல்பாகவே தெளிந்த நீர் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. சுற்றியுள்ள மலைகளிலிருந்து வரும் ஓடைகளும், பூபியோ என்ற இடத்தில் சுமார் 80 மீட்டர் ஆழத்தில் ஊறும் ஊற்றும்தான் ஏரிக்கு நீர் தருகின்றன. ஆனால் கரையோர வீடுகளும் ஓட்டல்களும் கழிவுநீரை இதே ஏரியில் விட்டுக்கொண்டிருந்த காலம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டுகளில் ஏரி நோய்ப்பட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு எச்சரித்தவர் பால்-லூயி செர்வெத்தாஸ் என்ற உள்ளூர் மருத்துவர். 1957-ல் கரையோர ஊராட்சிகள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பு அமைத்தன. 1960-களில் தொடங்கி, ஏரியைச் சுற்றிலும் கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். இன்று சாக்கடை நீர் ஏரியைத் தொடுவதே இல்லை. சுத்திகரித்த நீரையும் ஏரிக்குத் திருப்பாமல், ஏரிக்கரையில் உள்ள ஆன்சி ஊருக்குக் கீழே ஃபியே ஆற்றில் விடுகிறார்கள். அந்தக் காலத்தில் இவ்வளவு செலவுக்குத் துணிந்த அந்தச் சிற்றூர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமதிப்பு.

பழைய ஊரைப் பார்க்க, ஏரி நீர் வெளியேறும் இடத்திலிருந்து தொடங்குங்கள். தியூ என்ற சின்ன ஆறு அங்கே புறப்பட்டு வீடுகளுக்கு நடுவே ஓடுகிறது. அதன் நடுவில், கப்பலின் முனைபோலக் கூராக நீரைப் பிளந்துகொண்டு நிற்கிறது பலே த லீல். 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். நாணயச்சாலை, நீதிமன்றம், சிறை என்று பல வேலைகள் பார்த்திருக்கிறது. பக்கத்துப் பாலத்தில் நின்றால் எல்லாரும் படம் எடுக்கும் காட்சி கிடைக்கும். நான் அதிக நேரம் நின்றது சுவரோரம். கல் நீரில் இறங்கும் இடத்தில் பாசி ஒரு கோடாகப் படிந்திருந்தது, அதற்குக் கீழே அடித்தளக் கற்கள் வரை தெளிவாகத் தெரிந்தன. ஒரு நகரத்தின் நடுவே ஓடும் வாய்க்காலில் அப்படிப் பார்த்ததே இல்லை.

ஜெனீவா புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபையின் பக்கம் போனபின் அதன் கத்தோலிக்க ஆயர்கள் இங்கேதான் தங்கினார்கள். அவர்களில் ஒருவரான புனித பிரான்சிஸ் சலேசியாரின் கல்லறை, ஒரு மேட்டின்மேல் உள்ள பேராலயத்தில் இருக்கிறது. ஏறுவது கடினம், அம்மா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். தத்துவஞானி ரூசோ தம் வாழ்வை மாற்றிய மதாம் த வாரென்ஸை 1728-ல் முதன்முதலாகச் சந்தித்ததும் இந்த ஊரில்தான். சவாய் நாட்டின் பகுதியாக இருந்த இந்த ஊர் 1860-ல்தான் பிரான்சோடு இணைந்தது.

ஒரு நாளில் ஊரைப் பார்த்துவிடலாம், ஏரியைப் பார்க்க முடியாது. இரண்டாம் நாள் சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். மேற்குக் கரையில் பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், பெரிய ஏற்றம் கிடையாது. தண்ணீரின் அருகிலேயே போய் துவான் என்ற ஊர் வரை சென்று திரும்பலாம். சைக்கிள் ஓட்டாதவர்களுக்குப் படகு இருக்கிறது, அம்மா அதில்தான் வந்தார்.

ஜூலை, ஆகஸ்டில் குளிக்க இதமாக இருக்கும், கூட்டமும் நெரியும். கூட்டம் பிடிக்காவிட்டால் செப்டம்பரில் போங்கள். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலைகளில் பழைய ஊரில் சந்தை கூடும். அங்கே ரெப்லோஷோன் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு கரைக்குப் போய்ச் சாப்பிடுங்கள், நாங்கள் இரண்டு நாளும் மதியம் அப்படித்தான் சாப்பிட்டோம்.