பெரிய ரேட்டிங்கோடு டிரா: கேள்வி பதில்

கேள்வி: சார், என் மகனின் செஸ் ரேட்டிங் 1520. போன ஞாயிறு 1940 உள்ள ஒருவரோடு டிரா செய்துவிட்டான். எவ்வளவு ஏறும்?

பதில்: முதலில் பையனுக்கு ஒரு சபாஷ். ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) கணக்கில் இந்த மட்டத்தில் ரேட்டிங் வித்தியாசம் 400-ஐத் தாண்டினால் 400 என்றே எடுத்துக்கொள்வார்கள். அந்த இடைவெளியில் அவனிடம் எதிர்பார்ப்பது 0.08 புள்ளி, எடுத்ததோ 0.5 (ஜெயித்தால் 1, டிராவுக்கு அரை). மீதி 0.42-ஐ ‘கே’ எண்ணால், அதாவது ரேட்டிங் எவ்வளவு வேகமாக மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணால், பெருக்க வேண்டும். 18 வயது ஆகாதவன் என்றால் அது 40. ஆக 16.8 ஏறும். எதிரே இருந்தவர் பழைய ஆட்டக்காரர் என்றால் அவருக்கு 20, 8.4 போச்சு.

கேள்வி: அண்ணா, உச்சத்திலும் இப்படி அள்ளிக் கொடுப்பார்களா?

பதில்: இல்லை. 2023 பாகு உலகக் கோப்பை இறுதியில் பிரக்ஞானந்தா 2690, கார்ல்சன் 2835. முதல் இரண்டு ஆட்டமும் டிரா. 2400-ஐ ஒருமுறை தொட்டவர்களுக்குக் கே 10தான். அதனால் ஒரு டிராவுக்குப் பிரக்ஞானந்தாவுக்குக் கிடைத்தது 2 புள்ளிக்கும் சற்றுக் குறைவு. சமனை உடைக்க ஆடிய டைபிரேக்கில் கார்ல்சன் ஜெயித்தார்; அது ரேபிட் (குறைந்த நேர ஆட்டம்), இந்தக் கணக்கில் சேராது.

கேள்வி: 2100 ஆளோடு ஆடினேன். என் நகர்வில் ஒரே நிலை மூன்றாவது முறை வந்தது. நகர்த்திவிட்டு, டிரா கேட்க ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிட்டேன். ‘இப்போது கேட்க முடியாது’ என்றார். நியாயமா?

பதில்: அவர் சொன்னதுதான் விதி. உங்கள் நகர்வால் அந்த நிலை வரப்போகிறது என்றால் காயைத் தொடக்கூடாது. நகர்வை ஸ்கோர்ஷீட்டில் (நகர்வுகளைக் குறிக்கும் தாளில்) எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, ஆர்பிட்டரிடம் சொல்ல வேண்டும். எதிராளி நகர்த்தி வந்திருந்தால், உங்கள் முறையில் எதையும் தொடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். மூன்றும் அடுத்தடுத்து வர வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நகர்த்த வேண்டியவர் அதே ஆளாக இருக்க வேண்டும், கோட்டை கட்டும் (காஸ்லிங்) உரிமையும் மாறியிருக்கக் கூடாது. தப்பாகக் கேட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். ஐந்து முறை வந்துவிட்டால் நீங்கள் கேட்காமலே ஆர்பிட்டர் ஆட்டத்தை டிரா என்று முடித்துவிடுவார். பெரிய ஆள் எதிரே உட்கார்ந்தால் வரும் பதற்றத்தில் நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: எதிராளியிடமே டிரா கேட்கும் முறை?

பதில்: நகர்த்துங்கள், கேளுங்கள், அப்புறம் கடிகாரத்தை அழுத்துங்கள். ஒருமுறை போதும். திரும்பத் திரும்பக் கேட்டால் தொந்தரவு என்று ஆர்பிட்டர் தண்டிக்கலாம்.

கேள்வி: யானை எண்ட்கேம் (ஆட்டத்தின் கடைசிக் கட்டம்), எனக்கு ஒரு சிப்பாய் குறைவு. எப்படித் தப்பிப்பது?

பதில்: எதிராளியிடம் யானையும் ஒரே சிப்பாயும், உங்களிடம் யானை மட்டும் என்றால், உங்கள் ராஜா அந்தச் சிப்பாய்க்கு முன்னால் நின்றால் பாதி வேலை முடிந்தது. யானையை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் வையுங்கள். எதிராளியின் ராஜா உள்ளே வர முடியாது. அவர் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளும் வரை யானையைப் பக்கவாட்டிலேயே நகர்த்திக்கொண்டிருங்கள். தள்ளினாரா, உடனே யானையைப் பலகையின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் மேல் செக். அவர் ராஜாவுக்கு ஒளிய இடம் இருக்காது. பிலிடோர் நிலை என்பது இதுதான். எதிரே 2500 இருந்தாலும் இதை உடைக்க முடியாது.