எட்டுக் கொம்பு ரவுட்டரும் இரண்டாங்கட்டும்

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் ஐயா கட்டிய வீடு. ஆறு மாதம் முன்பு பைபர் இணைப்பு எடுத்தோம். வந்தவர்கள் முகப்பிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வளவின் (நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்) முன்பாதி வரை வைஃபை நன்றாக வருகிறது. அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டில் ஒரே ஒரு கோடு, அடுப்படியில் அதுவும் இல்லை. தை மாதம் மகன் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறான். பத்து நாள் இங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்க்க வேண்டுமாம். கடையில் எட்டு ஆண்டெனா வைத்த ரவுட்டரைக் காட்டி, "இது தெருக்கோடி வரை எடுக்கும்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் ஆச்சி. பணத்தை முடிந்து வையுங்கள்.

வீட்டு ரவுட்டர் எவ்வளவு சக்தியில் அலையை அனுப்பலாம் என்பதற்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. நாலு கொம்போ எட்டுக் கொம்போ, எல்லாம் அதற்குள் அடக்கம். சரி, அனுப்புவது போனுக்குக் கேட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். போன் திருப்பிச் சொல்வது ரவுட்டருக்குக் கேட்க வேண்டுமே? போனின் குரல் சின்னது. முகப்பில் நின்று நீங்கள் எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும், அடுப்படியில் இருப்பவர் முணுமுணுத்தால் உங்கள் காதில் விழாது.

உங்கள் வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பியது. இன்றைய அடுக்குமாடியின் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் இப்படி ஒரு சுவரைத் தாண்டும்போதே பாதி உயிர் போய்விடும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், வேகம் குறைவு. பட்டாலையில் பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருக்கிறீர்களா? அதன் பின்பூச்சு உலோகம், அலையைத் திருப்பி விட்டுவிடும். இரும்பு பீரோவும் அப்படித்தான். பெட்டி இவற்றுக்குப் பின்னால் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், செலவில்லாத வேலை.

"ரிப்பீட்டர் ஒன்று செருகினால் போதும்" என்று யாராவது சொல்வார்கள். கானாடுகாத்தானில் என் சித்தப்பா அதைத்தான் செய்தார். ஒரு கோடு வருகிற இடத்தில் செருகினார், அது அந்த ஒரு கோட்டைத்தான் எடுத்துக் கொடுத்தது. போதாக்குறைக்கு, மலிவான ரிப்பீட்டர் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகம் பாதியாகிவிடும். இப்போது அது சுவாமி அறைப் பரணில் இருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது ஒரு கம்பி. முகப்புப் பெட்டியிலிருந்து இரண்டாங்கட்டுக்கு லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை வைப்பதுதான் வழி. நம் செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை என்றாலும், இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். 'கேட் 6' என்று கேளுங்கள். கடையில் நுனியைக் கொஞ்சம் சீவி, உள்ளிருக்கும் கம்பியைப் பேனாக்கத்தியால் சுரண்டிப் பாருங்கள். சுரண்டிய இடமும் சிவப்பாக இருந்தால் முழுச் செம்பு. வெள்ளையாகப் பளபளத்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முழு நீளமும் இழுத்து முடித்த பிறகு கண்டுபிடித்தால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

கேபிளுக்காகச் சுவரில் துளை போட விடாதீர்கள். அந்தப் பூச்சு பெயர்ந்தால் அதே மாதிரி ஒட்ட இன்று ஆள் கிடைப்பது கஷ்டம். தேக்குத் தூணில் ஆணியும் வேண்டாம். வளவைச் சுற்றி உத்தரத்தின் மேல்விளிம்பில் படுத்தாற்போல் கொண்டுபோய், நிலைக்கு மேலிருக்கும் காற்றுச் சன்னல் வழியாக உள்ளே இறக்கலாம். சாரல் படாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது ரவுட்டரைப் புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய இணைப்போடு வாங்கியது பரணில் கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். அதன் அமைப்புக்குள் 'ஆக்சஸ் பாயின்ட்' (கம்பியில் வருவதை வைஃபையாக மட்டும் கொடுக்கும் முறை) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் முதலில் அதன் ஐ.பி. முகவரியை (வீட்டு வலைக்குள் அதன் கதவெண்) மாற்றுங்கள்: முகப்புப் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. அடுத்து, போன்களுக்கு இப்படி முகவரி பங்கிடும் டி.எச்.சி.பி.யை இதில் அணையுங்கள். கேபிளை இணையத்துக்கென்று தனி நிறத்தில் இருக்கும் துளையில் செருகாமல், மற்ற துளைகளில் ஒன்றில் செருகுங்கள். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் வைத்தால் நடக்க நடக்க போன் தானே மாறிக்கொள்ளும். 2.4 அலைவரிசையில் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 11. சண்டை வராது.

பராமரிப்பு மின்தடை அன்று மகன் மீட்டிங்கில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். உண்டு. அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். இரண்டு பெட்டிக்கும் வேண்டும், இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: இணைப்பை நிறுத்தி, ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது. முன்பணம் வரவில்லை. கேட்டால் "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்கிறார்கள். (தேவகோட்டை வாசகர்)

பதில்: ரவுட்டரை வாங்கிக்கொண்டதற்கு எழுத்தில் ஏதாவது கொடுத்தார்களா? இல்லையென்றால், திருப்பிக் கொடுத்த தேதியைக் குறிப்பிட்டு இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். புகார் எண் வாங்குங்கள். அசையவில்லை என்றால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லுங்கள். பல விவகாரம் இந்த அளவிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: வைஃபை பாஸ்வேர்டாக எங்கள் போன் நம்பரையே வைத்துக் கொடுத்தார்கள். படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப விழா) வந்த அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டோம். இப்போது திண்ணையில் யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். மாற்றினால் டிவி, கேமரா எல்லாம் நின்றுவிடுமா? (காரைக்குடி வாசகி)

பதில்: நிற்கும். ஒவ்வொன்றிலும் புதிதாக ஒருமுறை போட வேண்டும், ஒரு சாயங்கால வேலை. மாற்றும்போது ரவுட்டருக்குள் நுழைகிற 'அட்மின்' பாஸ்வேர்டையும் சேர்த்து மாற்றுங்கள், வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3-ல் இருக்கட்டும். அடுத்த படைப்புக்கு 'கெஸ்ட்' என்று தனிப் பெயரில் ஒன்றைத் திறந்து, கியூ.ஆர். கோடை அச்சடித்துப் பந்தியில் ஒட்டிவிடுங்கள். கடைசி வண்டி கிளம்பியதும் அணைத்துவிடலாம்.