யாரோ வெட்டிய வண்டி: கடன் வாங்கிப் பழையபடி ஆக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 34. ஆறு மாதத்துக்கு முன்பு பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். என் தாய்மாமா இதே மாடல்தான் வைத்திருந்தார். சின்ன வயதில் டேங்க் மேல் உட்கார வைத்து என்னைக் கூட்டிப்போவார். இந்த வண்டியை இதற்கு முன்பு வைத்திருந்தவர் கஃபே ரேசராக, அதாவது பழைய பந்தய வண்டி மாதிரியான வடிவத்துக்கு, மாற்றியிருக்கிறார். பின்பக்க சேசிஸை வெட்டி, ஒற்றை சீட் வைத்து, வேறு டேங்க் மாட்டி, ஒயரிங்கையும் கலைத்துவிட்டார். பழையபடி கொண்டுவர, வாங்கிய விலையைப் போல 3 மடங்கு ஆகும் என்கிறார் மெக்கானிக். அது என் 2 மாதச் சம்பளம். "முடித்துவிட்டால் வாங்கிய விலைக்கு 4 மடங்கு போகும், இது முதலீடு சார்" என்றும் சொல்கிறார். சம்பளத்தில் மாதம் 20 சதவீதம் மிச்சம் பிடிக்கிறேன். 4 மாதக் குடும்பச் செலவுக்கான பணம் வைப்பு நிதியில் இருக்கிறது. அதை உடைப்பதா, தனிநபர் கடன் வாங்குவதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா?

பதில்: மூன்றுமே வேண்டாம். வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் மெக்கானிக் சொன்ன "முதலீடு" என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தச் சொல் மனதில் இருக்கும்வரை கடன் வாங்குவதும் வைப்பு நிதியை உடைப்பதும் நியாயமாகவே தோன்றும்.

அவர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வாங்கிய விலை 1. வேலைக்கு 3. மொத்தம் 4. விற்றால் 4. கைக்கடி இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் அந்த 3 என்பது வண்டியைப் பிரிக்காமல் வெளியிலிருந்து பார்த்துச் சொன்ன தொகை. இன்னொருவர் கைவைத்த வண்டியில் உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும். அதனால் மதிப்பீட்டில் பாதியை மேற்கொண்டு ஒதுக்கச் சொல்வேன். 3 என்பது 4.5 ஆகும். வாங்கிய விலையும் சேர்ந்தால் 5.5. அந்த 4 மடங்கு விலையும், ஒருவரும் கைவைக்காத, சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆவணத்தோடு பொருந்துகிற வண்டிக்குச் சொல்லப்படும் விலையாகத்தான் இருக்கும். வெட்டி ஒட்டிய சேசிஸ் என்று தெரிந்தால் வாங்குபவர் குறைத்துத்தான் கேட்பார். உங்கள் கையை விட்டுப் போகும் தொகை குறைந்தது 1.5 மடங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம்.

தாய்மாமாவின் வண்டி மறுபடி வாசலில் நிற்பதற்கு அது நியாயமான விலையா? உங்களுக்கு ஆம் என்று தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள். அது விருப்பச் செலவு. ஆசைப்பட்டுச் செலவு செய்வதில் ஒரு தப்பும் இல்லை. விருப்பச் செலவுக்குக் கடன் வாங்குவதுதான் தப்பு. 18 சதவீத வட்டியில் 3 வருடத்துக்கு வாங்கினால், ஒவ்வொரு 100க்கும் ஏறக்குறைய 130 திருப்பிக் கட்டுவீர்கள். பழைய வண்டி வேலை ஒரு கேஸ்கட்டுக்காக, ஒரு பிராக்கெட்டுக்காக மாதக்கணக்கில் நிற்கும். தவணை நிற்காது. வைப்பு நிதியில் இருப்பதோ வேலை போனாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ வீட்டைத் தாங்கும் பணம். அதைத் தொடாதீர்கள்.

வழி இதுதான். மாதம் மிச்சம் பிடிக்கும் 20 சதவீதத்தில் பாதியை, சம்பளத்தில் 10 சதவீதத்தை, தனிக் கணக்கில் போடுங்கள். மதிப்பீடு 2 மாதச் சம்பளம், மேற்கொண்டு ஒதுக்கியது 1 மாதச் சம்பளம். 30 மாதத்தில் சேர்ந்துவிடும். நீண்ட காலம்தான். முழுத் தொகையும் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணக்கில் இருக்கும் பணத்துக்கு மட்டும் வேலை கொடுங்கள். இதில் எதை முதலில் செய்வது என்பதுதான் மிச்சத்தையும் நஷ்டத்தையும் தீர்மானிக்கும்.

நான் பழுது பார்த்த முதல் பழைய வண்டியில் டேங்கில் ஆரம்பித்தேன். பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, கோடு போட்டு, கண்ணாடி மாதிரி வந்தது. அப்புறம்தான் இன்ஜினைப் பிரித்தோம். சிலிண்டர் தேய்ந்தால் உள்துளையைக் கடைந்து பெரிதாக்கி (இதைத்தான் போர் அடிப்பது என்பார்கள்), அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். இந்த ஓவர்சைஸ் பொதுவாக 0.25 மில்லிமீட்டர் படியாக 1.00 வரை போகும். முன்பு வைத்திருந்தவர் கடைசி அளவு வரை போர் அடித்துவிட்டிருந்தார். இனி அடிக்க இடமில்லை, சிலிண்டருக்குள் புது ஸ்லீவ் (உள் உறை) இறக்க வேண்டும் என்றார்கள். பணம் தீர்ந்திருந்தது. அந்த டேங்க் 14 மாதம் போர்வை சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடந்தது. கடைசியில் மாட்டும்போது ஒரு ஓரத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்தது.

அதனால் முதல் செலவு பார்வைக்குத் தெரியாத இடத்தில் போகட்டும். சேசிஸ் நம்பரைப் பாருங்கள். அந்த இடத்தில் தேய்த்த தடமோ வெல்டிங் தடமோ இருந்தால், ஆவணம் சுத்தமாகும்வரை ஒரு காசு போடாதீர்கள். நம்பர் சரியாக இருந்தால், வெட்டிய சேசிஸை ஜிக்கில் (கோணல் இருக்கிறதா என்று பார்க்க இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தில்) வைத்து அளந்து பார்க்கும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். சீட்டுக்குப் பின்னால் போகும் குழாய் வளையம்தான் மட்கார்டையும் பின் விளக்கையும் சுமக்கிறது. மேல் ஷாக் அப்சார்பர் மவுண்டிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டியிருக்கிறார் என்பதைப் பொறுத்து இது சின்ன வேலையாகவும் முடியலாம், வேறு சேசிஸ் தேடும் அளவுக்கும் போகலாம். இந்த ஒரு பதில் தெரியாமல் வேறு எதற்கும் முன்பணம் தராதீர்கள். சேசிஸ் தேறாது என்றால் அதோடு நிறுத்திவிட்டு, கஃபே ரேசராகவே விற்கலாம். அந்த வடிவத்தை விரும்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது இன்ஜின். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்து, போர் அளந்து, எந்த ஓவர்சைஸில் நிற்கிறது என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஏர் பாக்ஸை (காற்று வடிகட்டிப் பெட்டியை) எடுத்துவிட்டுத் திறந்த ஃபில்டர் மாட்டியிருந்தால், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கார்புரேட்டர் ஜெட்டையும் மாற்றினாரா என்று பார்க்க வேண்டும். மாற்றாமல் ஓட்டியிருந்தால் காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூட்டிலேயே ஓடியிருக்கும். ஸ்பார்க் பிளக்கின் முனை இளம்பழுப்பாக இல்லாமல் வெளுத்துக் கிடந்தால் அதற்கு அடையாளம்.

ஒயரிங்கில் ஒரு விஷயம். ஹெட்லைட் டூமைக் கழற்றிப் பாருங்கள். இப்படி மாற்றிய வண்டி ஒன்றில் நான் பார்த்தபோது, உள்ளே எல்லா ஒயரும் ஒரே சிவப்பு. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். சூட்டில் டேப்பின் பசை உருகி விரலில் கறுப்பாக ஒட்டியது. எந்த ஒயர் ஹாரனுக்கு, எது இண்டிகேட்டருக்கு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உங்கள் வண்டியும் இப்படி இருந்தால் ஒட்டுப்போட வேண்டாம். மெக்கானிக் தேடும் நேரத்துக்கும் நீங்கள்தான் கூலி தருகிறீர்கள். முழு ஒயரிங் செட்டையே புதிதாக மாட்டுவது பெரும்பாலும் மலிவாக முடியும், தீப்பிடிக்கும் பயமும் இருக்காது.

முந்தையவர் செய்த எல்லாவற்றையும் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. ஸ்பார்க் வரவைக்கும் பழைய பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், 6 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட் என்று ஒழுங்காக மாற்றியிருந்தால் அப்படியே விடுங்கள், பணம் மிச்சம். கழற்றும் கிளிப்-ஆன் (தாழ்வான, இரண்டு துண்டு) ஹேண்டில்பாரையும் ஒற்றை சீட்டையும் விற்றுவிடலாம், அந்தப் பணமும் வண்டிக் கணக்குக்கே போகட்டும். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் அவ்வளவு பழைய டயரில் ஓட்டாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் இந்த மாற்றங்களைச் சொல்லிவிட்டீர்களா? மறைத்தால் விபத்து நேரத்தில் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம்.

சைடு கவர், விளக்கு பிராக்கெட், சுவிட்ச் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி வாங்குவதில்தான் பட்ஜெட் சத்தமில்லாமல் கரையும். இதே மாடலில் ஓடாத வண்டி ஒன்று முழுதாகக் கிடைத்தால் விலை கேட்டுப் பாருங்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்கலாம். இரண்டாவது வண்டியையும் பழுது பார்க்கலாம் என்ற ஆசைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு போன் செய்யுங்கள். வண்டியை விற்றவரைக் கூப்பிட்டு, கழற்றிய டேங்க், சீட், மட்கார்டு, ஏர் பாக்ஸ் எல்லாம் என்ன ஆயின என்று கேளுங்கள். வெட்டியவர்கள் பலர் கழற்றியதைத் தூக்கி எறிவதில்லை, எங்காவது மூலையில் போட்டுவைத்திருப்பார்கள். அந்த டேங்க் மட்டும் கிடைத்துவிட்டால், மெக்கானிக்கை உட்காரவைத்து அந்த 3 மடங்கு மதிப்பீட்டை முதலிலிருந்து மறுபடி போடச் சொல்லுங்கள்.