படைபலம் இல்லாத ஒரு சின்ன நாடு, வேறொரு நாட்டில் நடக்கும் ஒடுக்குமுறைக்கு எதிராக என்ன செய்துவிட முடியும்?

காம்பியா செய்ததைப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றின் இரு கரைகளோடு முடிந்துபோகும் நாடு. கடல் பக்கம் தவிர சுற்றிலும் செனகல். மக்கள்தொகை 30 லட்சத்தைத் தொடாது. அந்த நாடுதான் தன் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களை மியான்மர் இனப்படுகொலை செய்கிறது என்று 2019 நவம்பர் 11 அன்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது.

2017 ஆகஸ்டில் ராக்கைன் மாநிலத்தில் மியான்மர் ராணுவம் இறங்கியபின் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்துக்குத் தப்பி ஓடினார்கள். அமெரிக்கா போன்ற நாடுகள் கண்டித்தன, சில தளபதிகள்மீது தடை விதித்தன. அக்கம்பக்கத்து நாடுகளுக்கோ எல்லை, வணிகம், சீனா என்று ஆயிரம் கணக்கு.

காம்பியாவுக்கு அந்தக் கணக்கு எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் அதன் பலமே அதுதான். மியான்மர் கோபித்துக்கொண்டு அதற்கு எதை நிறுத்திவிட முடியும்?

அப்புறம், அப்போதைய நீதி அமைச்சர் அபுபக்கர் தம்பாடு. ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2018இல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாமில் அகதிகள் சொன்னதைக் கேட்டதும் ருவாண்டாதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. காம்பியாவே சர்வாதிகாரி யாஹ்யா ஜம்மேயின் 22 ஆண்டு ஆட்சியிலிருந்து 2017இல்தான் மீண்டிருந்தது.

சரி, எங்கோ இருக்கும் நாட்டுக்கு வழக்குப் போட என்ன உரிமை? மியான்மரும் இதைத்தான் கேட்டது. முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்பான இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் பினாமிதான் காம்பியா என்கிற மாதிரிகூட வாதாடியது (அந்த அமைப்பின் ஆதரவு இருந்தது உண்மைதான்). ஆனால் 1948 இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளும் உறுப்பினர்கள். அதன் 9ஆம் பிரிவின்படி உறுப்பு நாடுகளுக்குள் வரும் தகராறு இந்த நீதிமன்றத்துக்குப் போகலாம். வழக்குப் போடும் நாடு நேரடியாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை என்று 2022 ஜூலையில் 15க்கு 1 என்ற கணக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதற்கு முன்பே, 2019 டிசம்பரில், மியான்மருக்காக அதன் அப்போதைய அரசின் தலைவர் ஆங் சான் சூச்சியே நேரில் வந்து வாதாடினார். அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர், தன்னை ஆண்டுக்கணக்கில் வீட்டுக்காவலில் வைத்த ராணுவத்துக்காக! அப்படியும் 2020 ஜனவரி 23 அன்று ரோஹிங்கியாக்களைப் பாதுகாக்கவும் சாட்சியங்களை அழிக்காமலிருக்கவும் நீதிபதிகள் ஒருமனதாக இடைக்கால உத்தரவிட்டார்கள். அடுத்த ஆண்டே ராணுவம் அவரைச் சிறைப்பிடித்தது.

அந்த உத்தரவால் முகாமில் இருப்பவர்களின் வாழ்க்கை மாறியதா என்றால், இல்லை. ரோஹிங்கியாக்களை நாடற்றவர்களாக்கிய 1982 குடியுரிமைச் சட்டம் போகவில்லை, ஊர் திரும்பவும் வழியில்லை. ஆனால் காம்பியா போட்ட பாதை மற்றவர்களுக்குப் பயன்பட்டது. 2023 டிசம்பரில் காசாவுக்காக தென்னாப்பிரிக்கா இஸ்ரேல்மீது வழக்குப் போட்டதும் இதே 9ஆம் பிரிவின்கீழ்தான். அதற்கு ஒரு மாதம் முன்பு பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, கனடா உள்ளிட்ட ஆறு நாடுகள் காம்பியாவின் வழக்கில் தங்கள் தரப்பையும் சொல்ல அனுமதி கேட்டுச் சேர்ந்து மனுக்கொடுத்தன. தனியாக இன்னொரு மனுக்கொடுத்த நாடு மாலத்தீவு.