டேங்குக்குள் இருக்கும் பம்பை நாமே மாற்றலாமா?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடைய பெட்ரோல் கார் பன்னிரண்டு ஆண்டுப் பழையது. வெயில் நேரத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் திடீரென்று நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. ஃபியூவல் பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். கம்பெனி பம்ப் யூனிட் விலை மிக அதிகமாக இருக்கிறது. உள்ளே இருக்கும் மோட்டார் மட்டும் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? ஓரளவு ரிப்பேர் வேலை தெரிந்த நானே மாற்றிக்கொள்ளலாமா? – ஒரு வாசகர், விருதுநகர்.

பதில்: எதை வாங்குவது என்பதற்கு முன்னால், பம்ப்தான் கெட்டதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி, அதாவது சூடானால் நின்று ஆறினால் ஓடுவது, தேய்ந்த பம்புக்கு மட்டும் உரியதன்று. எஞ்சினின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் கெட்டாலும் இதேபோலத்தான் நடக்கும். அந்த சென்சாரிலிருந்து தகவல் வராவிட்டால் கணினியே பம்புக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும் என்பதால், பம்ப் ஓடவில்லை என்பதை மட்டும் வைத்து அதைக் குற்றம் சொல்ல முடியாது.

வண்டி அடுத்த முறை நின்றவுடன், அது ஆறுவதற்குள், சாவியை ஆன் நிலைக்குத் திருப்பிப் பின் சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். பெரும்பாலான கார்களில் பம்ப் ஓரிரு நொடி ‘உய்ங்’ என்று ஓடி நிற்கும். அந்தச் சத்தம் வழக்கம்போல் கேட்டு, செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் துளியும் அசையவில்லை என்றால், சந்தேகம் முதலில் சென்சார் மேல் விழ வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பம்பின் கனெக்டர், எர்த் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால், புது பம்ப் போட்டாலும் சில மாதங்களில் அதே தொல்லை திரும்பி வரும். இவையெல்லாம் சரியாக இருந்தால், எரிபொருள் அழுத்தத்தை கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இன்றைய சாதாரண பெட்ரோல் கார்களில் அது பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை இருக்கும். உங்கள் மாடலுக்கு உரிய சரியான எண் சர்வீஸ் கையேட்டில் உண்டு. வண்டி சூடாகி நிற்கும் நேரத்தில் அழுத்தம் விழுந்து, கனெக்டரில் மட்டும் பேட்டரிக்கு நிகரான வோல்ட் வருகிறதென்றால் மெக்கானிக் சொன்னது சரி.

இனி வாங்குவது. டேங்குக்குள் இருப்பது வெறும் மோட்டார் அன்று. அடியில் வலைபோன்ற சிறு ஃபில்டர், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை, பல வண்டிகளில் மெயின் ஃபில்டர் ஆகியவையும் அதே கூட்டில் பொருத்தப்பட்டிருக்கும். பன்னிரண்டு ஆண்டு ஓடிய கூட்டில் மோட்டார் மட்டும் தேய்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே, பணம் இடம் கொடுத்தால், முழு யூனிட்டை வாங்குவதே என் பரிந்துரை. மோட்டார் மட்டும்தான் என்று முடிவு செய்தால், பாஷ், டென்சோ போன்ற, கார் கம்பெனிகளுக்கே பம்ப் தரும் தயாரிப்பாளருடையதை, உங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணைச் சொல்லி அதற்குரிய பார்ட் எண்ணைப் பொருத்திப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். அடி வலையையும், மூடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் சேர்த்தே புதிதாக வாங்க வேண்டும். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று விற்கப்படும் மோட்டார் நீளத்திலும் விட்டத்திலும் ஒத்துப்போனாலும், தரும் அழுத்தமும் பாயும் அளவும் வேறாக இருக்கலாம். கடைக்காரர் பம்பை பேட்டரியில் தொட்டு ஓட்டிக் காட்ட முன்வந்தால் வேண்டாம் என்று தடுத்துவிடுங்கள். பெட்ரோல்தான் அந்த மோட்டாரைக் குளிர்விக்கிறது, மசகாகவும் இருக்கிறது என்பதால், உலர்ந்த நிலையில் ஓடுவது புது பம்புக்குக் கேடு.

மோட்டாரை மட்டும் மாற்றுபவர்கள் அடிக்கடி தவறுவது உள்ளே போகும் சிறு ஹோஸில்தான். வழக்கமாகக் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பெட்ரோல் ஹோஸ், உட்புறம் பெட்ரோல் பாய்வதற்காகச் செய்யப்பட்டது. வெளிப்புறமும் பெட்ரோலில் மூழ்கிக் கிடந்தால் அது ஊறி, இளகி, வெடித்துவிடும். டேங்குக்குள் மூழ்கியிருக்கத் தக்க ஹோஸ் தனி வகை, எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்10 என்ற குறி அதில் அச்சிடப்பட்டிருக்கும். அதேபோல் உள்ளே வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் கூடாது, ஏனென்றால் டேப்பின் பசையைப் பெட்ரோல் கரைத்துவிடும்.

நீங்களே செய்யலாமா என்ற கேள்விக்கு, பின் சீட்டைத் தூக்கினால் பம்பின் மூடி தெரியும் மாடல் என்றால், கவனமுள்ளவர் செய்யலாம் என்பேன். டேங்கையே கீழே இறக்க வேண்டிய மாடல் என்றால் லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள். டேங்கில் கால் பங்குக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். வேலை நடக்கும் இடம் திறந்தவெளியாக இருக்கட்டும். மூடிய ஷெட், பூஜை விளக்கு எரியும் வீட்டு வாசல், பக்கத்தில் வெல்டிங் நடக்கும் பட்டறை ஆகியவை வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து தூரத்தில் இருக்கும் நெருப்பைத் தொட்டுத் திரும்பும். தீயணைக்க டிரை பவுடர் சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; வாளித் தண்ணீர் எரியும் பெட்ரோலைப் பரப்பவே செய்யும்.

முதலில் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விட்டால் குழாயில் உள்ள அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, பெட்ரோல் மூடியை ஒருமுறை திறந்து மூடுங்கள். கண்ணாடி, கையுறை அணிந்து, இணைப்பின் மேல் துணியைப் போர்த்தியே குழாயைக் கழற்ற வேண்டும். பம்பின் மூடியைச் சுற்றிப் பன்னிரண்டு ஆண்டு மண் படிந்திருக்கும். அதை ஈரத் துணியால் துடைத்துச் சுத்தம் செய்த பிறகே திறக்க வேண்டும். மூடியை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு வளையத்தை அதற்குரிய கருவியால் திருப்புங்கள், இரும்பு உளியை வைத்துச் சுத்தியலால் தட்டாதீர்கள். யூனிட்டைச் சாய்த்து வெளியே எடுக்கும்போது மிதவைக் கம்பி ஓரத்தில் மாட்டி வளைந்தால், அன்றிலிருந்து மீட்டர் பொய் சொல்லும்.

டேங்கின் அடியில் துருவோ, சேறோ, தண்ணீரோ இருந்தால் அதை அப்படியே விட்டுப் புது பம்பை இறக்கக்கூடாது. பெட்ரோலை எடுக்கக் கைப் பம்ப் பயன்படுத்துங்கள். குழாயை வாயால் உறிஞ்சும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது, நுரையீரலுக்குள் ஒரு மடக்கு போனாலே ஆஸ்பத்திரிதான். பழைய ஓ-ரிங் வெளியே எடுத்ததும் ஊதிப் பெருத்து மறுபடி பள்ளத்தில் உட்காராது, புதியதைப் போடுங்கள். அதன் மேல் சிலிக்கான் பசை பூசவே கூடாது, அது பெட்ரோலுக்குத் தாங்காது. யூனிட்டின் அம்புக்குறியை டேங்கின் குறியோடு பொருத்தி வளையத்தை இறுக்கிய பிறகு, சில லிட்டர் பெட்ரோல் ஊற்றி, பேட்டரியையும் ஃபியூஸையும் மாட்டி, செல்ஃப் அடிக்காமல் இரண்டு மூன்று முறை சாவியை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். அழுத்தம் ஏறியதும் டார்ச் அடித்து இணைப்புகளில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்யலாம். சீட்டை உடனே மாட்ட வேண்டாம். டேங்கை நிரப்பி ஒருமுறை ஓட்டிப் பார்த்து, வாடை வரவில்லை என்றால் மாட்டுங்கள்.

கேள்வி: மின் மோட்டார் பெட்ரோலுக்குள்ளேயே ஓடுகிறது, அதில் தீப்பொறி எழாதா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்.

பதில்: பிரஷ் உள்ள மோட்டாரில் சிறு பொறி எழும். ஆனால் பெட்ரோல் எரிய காற்று வேண்டும். காற்றில் அதன் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். பம்புக்குள் திரவம் நிறைந்திருக்கிறது. மூடிய டேங்கின் மேற்பகுதியிலோ ஆவி பொதுவாக அந்த வரம்பைத் தாண்டிச் செறிந்திருக்கும். மூடியைத் திறந்து யூனிட்டை வெளியே எடுத்தவுடன் காற்று உள்ளே போய் ஆவி நீர்த்து, பற்றக்கூடிய அளவுக்கு வந்துவிடுகிறது. ஓடும் பம்பைவிட, திறந்து கிடக்கும் டேங்கே அபாயகரமானது என்பதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: பழைய வண்டிகளின் உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கழற்றிய பம்ப் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? 20 சதவீதம் எத்தனால் கலந்த இப்போதைய இ20 பெட்ரோலுக்கு அது தாங்குமா? – ஒரு வாசகர், சென்னை.

பதில்: கதவு, விளக்கு, கண்ணாடிக்குப் புதுப்பேட்டை நல்ல இடம். பம்புக்கு அன்று. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எவ்வளவு நாள் பெட்ரோல் இல்லாமல் காய்ந்து கிடந்தது என்பதை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். அதற்கெனச் செய்யப்படாத பழைய ரப்பர் பாகங்களை அது பாதிக்கும். புதிய பம்ப் வாங்கும்போது இ20-க்கு ஏற்றது என்று பெட்டியிலோ தயாரிப்பாளரின் பட்டியலிலோ குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகும் நாள்கணக்கில் ஓட்டும் பழக்கம் இருந்தால், பெட்ரோல் எதுவானாலும் பம்ப் சூடேறிச் சீக்கிரம் தேயும்.