அவர் ஏன் அப்படிச் செய்தார்? சில கேள்விகள், பதில்கள்

என் தோழி மூன்று நாளாக மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. வேண்டுமென்றே ஒதுக்குகிறாள், சரிதானே?

போன மாதம் நீங்கள் பதில் போடாமல் விட்ட மெசேஜ் ஒன்றாவது இருக்குமே, அதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்? வேலை, அசதி, நிதானமாக எழுதலாம் என்று வைத்து அப்படியே மறந்துபோனது. நமக்கு என்றால் சூழ்நிலை, அடுத்தவருக்கு என்றால் குணம். அடுத்தவரின் சூழ்நிலையைப் பார்க்காமல் குணத்தைக் குறை சொல்லும் இந்தப் பிழைக்கு 1977-ல் உளவியலாளர் லீ ராஸ் "அடிப்படைக் காரணப் பிழை" (fundamental attribution error) என்று பெயரே வைத்தார்.

சூழ்நிலையின் பலத்தைக் காட்ட எனக்குப் பிடித்த ஆய்வு 1973-ல் வெளியானது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பாதிரியாராகப் படிக்கும் மாணவர்களை ஒரு பேச்சுக்காகப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் வாசலில் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார் (அவரை உட்கார வைத்ததே ஆய்வாளர்கள்தான்). அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், "நேரமாகிவிட்டது, ஓடு" என்று துரத்தப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். இத்தனைக்கும் அவர்களில் பாதிப் பேர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. சில நிமிட அவசரம் ஒரு நல்ல மனதை இவ்வளவு மாற்றும் என்றால், உங்கள் தோழியின் மூன்று நாளில் என்னவெல்லாம் இருந்திருக்கலாம்? போன் பண்ணிக் கேளுங்கள். அப்போதும் நழுவினால் பிறகு யோசிக்கலாம்.

மீட்டிங்கில் எடுத்த முடிவு தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். நான் கோழையா?

இல்லை. 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த சோதனையில் கேள்வி மிக எளிது: மூன்று கோடுகளில் எது இந்தக் கோட்டின் நீளம்? தனியாகக் கேட்டால் கிட்டத்தட்ட யாருமே தப்பு செய்யவில்லை. ஆனால் அறையிலிருந்த மற்றவர்கள், முன்பே பேசிவைத்துக்கொண்டு, ஒரே தப்பான பதிலைச் சொன்ன சுற்றுகளில், விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அந்தத் தப்போடு ஒத்துப்போனது. கண்ணுக்கு நேரே தெரிகிற கோட்டுக்கே இந்தக் கதி.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதன் அடுத்த பகுதி. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னபோது, ஒத்துப்போவது சட்டென்று குறைந்துவிட்டது. அதனால் அடுத்த முறை தனியாக எழுந்து நின்று வீரம் காட்ட வேண்டாம், மீட்டிங்குக்கு முன்பே உங்களைப் போல நினைக்கும் ஒருவரிடம் பேசி வையுங்கள். ஒருவர் போதும்.

என் கணவர் ஆபீஸில் தங்கமான மனிதர் என்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் எரிந்து விழுகிறார். எது உண்மையான முகம்?

இரண்டும் அவர்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கவனியுங்கள், தோள் தொங்கியிருக்கும், முகம் இறுகியிருக்கும், அந்த நொடியில் "பில் கட்டினீங்களா?" என்று ஒரு சாதாரணக் கேள்வி வந்தால்கூட வெடிப்பார். ஆபீஸில் கத்தினால் வேலை போகும், வீட்டில் கத்தினால் நீங்கள் எங்கும் போகமாட்டீர்கள் என்ற தைரியம். நாள் முழுக்க அடக்கியது அங்கேதான் கொட்டுகிறது.

இதைச் சொல்வது அவர் கத்துவதை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதற்காக இல்லை. மேலதிகாரி முன் அடக்க முடிகிறது என்றால் அவரால் அடக்க முடியும் என்றுதானே அர்த்தம்? கோபம் இல்லாத ஒரு நேரத்தில் இதை நேராகச் சொல்லுங்கள், வந்ததும் அரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். கை ஓங்குகிறார், உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்றால் மட்டும் இந்த யோசனையெல்லாம் வேண்டாம், உடனே நம்பிக்கையான ஒருவரின் உதவியைத் தேடுங்கள்.

அப்பா இதுவரை ஒரு முறைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. தப்பென்று அவருக்கே தெரியும்.

"நான் செய்தது தப்பு" என்பது சிலர் காதில் "நான் மோசமானவன்" என்றுதான் விழும், அதனால் வாய் வராது. சண்டை போட்ட மறுநாள், சொல்லாமலேயே உங்கள் வண்டிக்குக் காற்றடித்து வைத்திருப்பார், பாருங்கள். அதையே மன்னிப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. வாயால் கேட்டால்தான் எனக்கு ஆறும் என்று அவரிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.